மூன்று ராஜாக்களும் ஒரு மொட்டைக் கோபுரமும்

1164 ஜூலை 23 அன்று மூன்று பேருடைய எலும்புகள் கொலோன் நகரத்துக்குள் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் அந்த ஊர்ப் பேராயர் ரைனால்ட் ஃபான் டாசெல். பேராயர் என்றவுடன் ஜெபமாலையோடு ஒரு முதியவரைக் கற்பனை செய்ய வேண்டாம். சக்கரவர்த்தி பிரெட்ரிக் பார்பரோஸாவின் வலதுகை அவர். 1162-ல் பார்பரோஸா இத்தாலியின் மிலான் நகரத்தை அடக்கித் தரைமட்டமாக்கியபோது அங்கிருந்து எடுத்த எலும்புகள் இவை. பச்சையாகச் சொன்னால் போர்க்கொள்ளை.

யாருடைய எலும்புகள்? நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்து பெத்லகேமில் குழந்தை இயேசுவை வணங்கிய மூன்று ராஜாக்களுடையவை என்று மிலான்காரர்களும் நம்பினார்கள், கொலோன்காரர்களும் நம்பினார்கள். பைபிளில் இந்தக் கதை மத்தேயு நற்செய்தியில் மட்டும்தான் வருகிறது. அதில் மூன்று பேர் என்று இல்லை, ராஜா என்றும் இல்லை, பெயரும் இல்லை. கிழக்கிலிருந்து சில ஞானிகள் வந்தார்கள், அவ்வளவுதான். பரிசு மூன்று என்பதால் ஆளும் மூன்று ஆனார்கள், பிறகு கிரீடம் வந்தது, பிறகு காஸ்பர், மெல்கியோர், பல்தாசர் என்று பெயர்கள் வந்தன. 14-ம் நூற்றாண்டில் ஹில்டெஷைம் ஊர் ஜான் என்ற துறவி இவர்களுடைய கதையை விஸ்தாரமாக எழுதினார். அதில் இவர்கள் இந்தியாவோடு சம்பந்தப்பட்ட ராஜாக்கள். புனித தோமா இந்தியாவுக்குப் போனபோது அவர்களைச் சந்தித்து ஞானஸ்நானம் கொடுத்தார் என்கிறது கதை. அதாவது நம் மயிலாப்பூர் சாந்தோம் தோமா. அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கு இந்தியா என்றால் எத்தியோப்பியாவில் ஆரம்பித்து எங்கே வேண்டுமானாலும் முடியலாம் என்பது வேறு விஷயம்.

நான் 2014 இலையுதிர்காலத்தில் முதுகலை படிக்க ஜெர்மனி போனேன். கொலோனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி என் கல்லூரி. வாரத்தில் இரண்டு நாள் பார்ட் டைம் வேலைக்காகக் கொலோன் வழியாகப் போய்வருவேன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்தால் நேர் எதிரே, கழுத்தை ஒடித்துப் பார்க்கிற மாதிரி, 157 மீட்டர் உயரத்துக்கு இரட்டைக் கோபுரத்தோடு அந்தப் பேராலயம் நிற்கிறது. திருச்சிக்காரனுக்குக் கோபுரம் புதுசு இல்லை. ஆனால் ஒரு கோபுரம் இவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நிலக்கரிப் புகையும் ரயில் புகையும் ஒன்றரை நூற்றாண்டாகப் படிந்த கறுப்பு. "என்னடா, எரிஞ்சு போன மாதிரி இருக்கு" என்று போட்டோ பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்.

அந்த மூன்று பேருடைய எலும்புகளுக்காகத்தான் இவ்வளவு பெரிய கட்டடம். முதலில் பேழை வந்தது. வெர்டன் ஊர் நிக்கோலஸ் என்ற பொற்கொல்லர் 12-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்து, அவருக்குப் பின் வந்தவர்கள் 1225 வாக்கில் முடித்த பொன்பேழை. 220 சென்டிமீட்டர் நீளம், ஒரு சின்னக் கோயில் மாதிரியே கூரையும் தூணுமாக இருக்கும். முன்பக்கத்தில் மூன்று ராஜாக்கள் குழந்தையை நோக்கிப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நாலாவதாக ஒருவர் நிற்பார். ஜெர்மன் அரசர் நான்காம் ஓட்டோ. பொன் கொடுத்தவர் அவர்தான். கல்வெட்டில் உபயதாரர் பெயர் போடுவதை நாம் மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

பேழையைப் பார்க்க யாத்திரிகர்கள் குவிந்தார்கள். பழைய கோயில் போதவில்லை. 1248-ல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இடிக்கலாம் என்று வைத்த தீ மொத்தக் கோயிலையும் தின்றுவிட்டது. அதே வருடம் ஆகஸ்ட் 15 அன்று பேராயர் கொன்ராட் ஃபான் ஹோக்ஸ்டாடன் புதுக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். பிரான்ஸின் அமியான் பேராலயத்தைப் பார்த்துத் திட்டம் போட்டவர் கெர்ஹார்ட் என்ற தலைமைக் கொத்தனார். 1322-ல் பலிபீடம் இருக்கிற கிழக்குப் பகுதி முடிந்தது. தெற்குக் கோபுரம் ஐம்பத்துச் சொச்சம் மீட்டர் ஏறியது. 16-ம் நூற்றாண்டில் பணம் வற்றியது, யாத்திரிகர் கூட்டமும் குறைந்தது, வேலை நின்றது. கோபுரத்தின் தலையில் கல் தூக்குவதற்கு வைத்திருந்த மரக் கிரேன் மட்டும் அப்படியே நின்றது. கிட்டத்தட்ட நானூறு வருடம். 1489-ல் ஹான்ஸ் மெம்லிங் வரைந்த புனித உர்சுலா பேழை ஓவியத்தில் அந்தக் கிரேன் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டுப் புகைப்படங்களிலும் அதே இடத்தில் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒன்று சட்டென்று ஞாபகம் வரும். ஸ்ரீரங்கத்தில் அச்சுததேவராயர் காலத்தில் ஆரம்பித்து, அவர் இறந்த பிறகு அடித்தளத்தோடு நின்றுபோன தெற்குக் கோபுரம். அப்பா காலத்தில் அதற்குப் பெயரே மொட்டைக் கோபுரம். அகோபில மடத்து 44-வது ஜீயர் முயற்சி எடுத்து 13 நிலையும் 236 அடியுமாக முடித்து 1987 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. நான் பிறப்பதற்குள் அது ராஜகோபுரம் ஆகிவிட்டது. இன்றைக்குப் போய்ப் பார்க்கிறவர்கள் அதை ஆயிரம் வருடத்துக் கோபுரம் என்றே நினைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுவதில் தப்பில்லை. ஆனால் நிறுத்தியது யார், திரும்ப ஆரம்பித்தது யார், எதற்காக என்று கேட்டால்தான் அது வரலாறு.

கொலோனில் திரும்ப ஆரம்பித்த கதையை சினிமாவாக எடுத்தால் நம்பமாட்டார்கள். 1280 வாக்கில் தோலில் வரையப்பட்ட முகப்பு வரைபடம் ஒன்று இருந்தது. உயரம் 4 மீட்டருக்கும் மேல். பிரெஞ்சுப் படைகள் 1794-ல் கொலோனுக்குள் நுழைந்து பேராலயத்தைத் தீவனக் கிடங்காக்கிய குழப்பத்தில் அது காணாமல் போனது. 1814-ல் டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஒரு சத்திரத்துப் பரணில் பாதி கிடைத்தது. அதுவரை அதன்மேல் பீன்ஸ் காய வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கதை. இரண்டு வருடம் கழித்து மறுபாதியை ஸுல்பிஸ் புவாசெரே என்ற கலைச் சேகரிப்பாளர் பாரிஸில் பிடித்தார். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய டிசைன் டாக்குமெண்ட், முழுசாக, படிக்கக்கூடிய நிலையில்! என் வேலையில் மூன்று வருடத்துக்கு முந்தைய டாக்குமெண்ட் கிடைத்தாலே நாங்கள் பார்ட்டி வைப்போம்.

வரைபடம் கிடைத்தால் போதுமா, கட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. நெப்போலியனை விரட்டிய பிறகு ஜெர்மானியர்களுக்கு ஒரு பொது அடையாளம் தேவைப்பட்டது. பாதியில் நிற்கும் கோயில், பாதியில் நிற்கும் தேசம். 1842 செப்டம்பரில் பிரஷ்ய அரசர் நான்காம் பிரெட்ரிக் வில்லியம் மறுபடி அடிக்கல் வைத்தார். அவர் புராட்டஸ்டண்ட், கோயில் கத்தோலிக்கருடையது. கவிஞர் ஹைன்ரிஷ் ஹைன முதலில் பாரிஸில் இருந்தபடி நிதி திரட்டும் சங்கத்துக்கு ஆதரவாக இருந்தார். 1844-ல் எழுதிய நீள்கவிதையில் கட்சி மாறி, இது ஒருநாளும் முடியாது, குதிரை லாயமாகத்தான் ஆகும் என்று கிண்டலடித்தார். லாட்டரிச் சீட்டு விற்று, இரும்புச் சட்டத்தில் கூரை போட்டு, 1880-ல் முடித்தேவிட்டார்கள். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம் அது. திறப்பு விழாவுக்குச் சக்கரவர்த்தி வந்தார். பேராயர் மெல்ஷர்ஸ் வரவில்லை. பிஸ்மார்க் அரசு கத்தோலிக்கத் திருச்சபையோடு சண்டை போட்டு அவரைச் சிறையில் வைத்து, பிறகு அவர் நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. பேராலயத்துக்கு உரியவர் இல்லாமலேயே பேராலயத் திறப்பு. மூன்று வெளிநாட்டுக்காரர்களுக்கான வீடு ஜெர்மன் தேசத்தின் நினைவுச்சின்னமாக மாறியது இப்படித்தான்.

இந்தக் கட்டுமானத்தை 1842-லிருந்து நடத்தியவர் எர்ன்ஸ்ட் பிரெட்ரிக் ஸ்விர்னர். பேராலயத்துக்கு நிதி கொடுத்தவர்களில் ஓப்பன்ஹைம் வங்கிக் குடும்பமும் உண்டு. யூதர்கள். அதே குடும்பத்து ஆபிரகாம் ஓப்பன்ஹைம் கொலோன் யூதர்களுக்காக க்ளோக்கன்காஸே தெருவில் ஒரு ஆலயம் கட்டிக்கொடுத்தார். அதை வடிவமைத்தவர் யார் தெரியுமா? அதே ஸ்விர்னர். பேராலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் கட்டிய யூத ஆலயம் 1861-ல் திறந்தது. கொஞ்ச தூரம் நடந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். இது எனக்குத் தெரியவந்தது 'பேராலயமும் யூதர்களும்' என்ற வழிகாட்டிச் சுற்றில். அப்படி ஒரு சுற்றைப் பேராலயமே நடத்துகிறது. எனக்கு அன்றைக்கு அரைகுறை ஜெர்மன்தான், ஆனால் வழிகாட்டி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

அந்தச் சுற்றில் இரண்டு பொருள்களைக் காட்டினார்கள்.

ஒன்று கல்வெட்டு. 1266-ல் பேராயர் இரண்டாம் எங்கெல்பெர்ட் யூதர்களுக்குக் கொடுத்த உரிமைகள் கல்லில் வெட்டப்பட்டுப் பேராலயத்துக்குள்ளேயே இருக்கின்றன. யூதர்கள் தங்கள் இடுகாட்டில் கூடுதல் வரி இல்லாமல் புதைக்கலாம். இடுகாட்டுக்குப் பக்கத்தில் தூக்குமேடை போட்டு மரணதண்டனை நிறைவேற்றக்கூடாது. வட்டிக்கு விடும் கிறிஸ்தவர்கள் ஊருக்குள் வந்து போட்டி போடக்கூடாது. இதில் பேராயருக்கும் லாபம் இருந்தது, யூதர்கள் கட்டுகிற வரி அவருக்குத்தான் போனது. இருந்தாலும் கல்லில் எழுதிவைத்தார். கல்லில் எழுதினால் அடுத்து வருகிறவர் மாற்றுவது கஷ்டம் என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று மரம். குருக்கள் உட்கார்ந்து பாடுவதற்கான ஓக் மர இருக்கைகள், மொத்தம் 104, செய்தது 1308-லிருந்து 1311-க்குள். ஜெர்மனியில் இருக்கும் இடைக்கால இருக்கைகளில் இதுதான் பெரிது. பறவை, குரங்கு, சண்டை போடும் கணவன் மனைவி என்று விளையாட்டுத்தனமான செதுக்கல்கள், நம் தேர்ச் சிற்பம் மாதிரி. பக்கவாட்டுப் பலகை ஒன்றில் யூதர்கள் அணியவேண்டியிருந்த கூம்புத் தொப்பியோடு மனிதர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு பெண் பன்றி. ஒருவன் அதனிடம் பால் குடிக்கிறான். பன்றியைத் தொடவே கூடாது என்கிற மதத்தவர்களை அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள். வேலைப்பாடு அருமை. அதுதான் வயிற்றைப் பிசைந்தது. வெறுப்பை ஒருவன் இவ்வளவு பொறுமையாக, உளி பிசகாமல், ஓக் மரத்தில் இழைத்திருக்கிறான். தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து குருக்கள் சங்கீதம் பாடியிருக்கிறார்கள். அந்தச் சங்கீதங்கள் யூதர்கள் எழுதியவை.

கல்லுக்கும் மரத்துக்கும் இடையே நாற்பத்து சொச்சம் வருடம்தான். எது வென்றது என்று கேட்டால், 1349 ஆகஸ்டில் ஒரே இரவில் கொலோன் யூதக் குடியிருப்பைக் கொளுத்திக் கொன்றார்கள். கொள்ளைநோய்க் காலம், கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று வதந்தி. மிச்சமிருந்து திரும்பிவந்தவர்களையும் 1424-ல் ஊரைவிட்டே துரத்தினார்கள். பிரெஞ்சு ஆட்சி வந்த பிறகுதான் யூதர்கள் மறுபடி கொலோனில் குடியேற முடிந்தது. கல்வெட்டு மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்தப் பலகையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எடுத்துவிட்டால் கல்வெட்டு மட்டும் மிஞ்சும், பேராலயம் எப்போதும் பெருந்தன்மையாகவே இருந்தது என்று ஆகிவிடும். ஆனால் அந்த இருக்கைகள் இருக்கும் பகுதி கம்பிக்கதவுக்குப் பின்னால் இருக்கிறது, வழிகாட்டியோடு போனால்தான் கிட்டப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் பேழையைப் பார்த்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இது நிர்வாகத்துக்கு வசதியான ஏற்பாடுதான் என்று எனக்குத் தோன்றும். நாம் ரொம்ப நியாயம் பேசவும் முடியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் நுழைந்தது 1939-ல். அதற்கு முன்பு எத்தனை நூற்றாண்டு அவர்கள் வெளியே நின்றார்கள் என்பதை அந்தக் கோயிலில் எந்தத் தூணும் நமக்குக் காட்டுவதில்லை. அதே நாட்டில்தான் ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி வைத்து, பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியம் செய்கிறார்கள். இரண்டும் நம்முடையவைதான்.

1938 நவம்பரில் ஸ்விர்னர் கட்டிய யூத ஆலயத்தை நாஜிகள் கொளுத்தினார்கள். அந்த இடத்தில் இன்று ஓபரா இருக்கிறது, சுவரில் ஒரு நினைவுப் பலகை. சில வருடங்களில் போர் கொலோனுக்கே வந்தது. பேராலயத்தின் மீது 14 பெரிய குண்டுகள் விழுந்தன. கூரை மரமாக இருந்திருந்தால் எரிந்து முடிந்திருக்கும். இரும்பு என்பதால் தப்பியது. சுற்றிலும் நகரம் செங்கல் குவியலாகக் கிடக்க, நடுவில் இரட்டைக் கோபுரம் நிற்கும் புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தெய்வ அற்புதம் என்று பலர் எழுதுகிறார்கள். அதே தெய்வம் க்ளோக்கன்காஸேயில் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

குண்டில் போன வண்ணக் கண்ணாடிகளில் ஒன்று தெற்கு ஜன்னல். பல வருடம் அங்கே வெற்றுக் கண்ணாடிதான் இருந்தது. பிறகு ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரைக் கேட்டார்கள். எடித் ஸ்டைன், மாக்ஸிமிலியன் கோல்பே போன்ற 20-ம் நூற்றாண்டுத் தியாகிகளை வரையவேண்டும் என்பது முதல் யோசனை. இருவரும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள். ரிக்டர் முயன்று பார்த்தார், நாஜிக் கொலைகளின் புகைப்படங்களை வைத்தும் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் 72 நிறங்களில், ஒரே அளவில், 11,263 கண்ணாடிச் சதுரங்கள். எந்த நிறம் எங்கே என்பதைக் கம்ப்யூட்டரின் ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் தீர்மானித்தது. சில பட்டைகள் மட்டும் மற்றவற்றின் கண்ணாடிப் பிம்பம். கூலி வாங்கவில்லை. 2007 ஆகஸ்டில் திறந்தார்கள்.

இந்த ஜன்னலுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த மணிக்கணக்கைக் கூட்டினால் ஒரு செமஸ்டர் தேறும். தொழில் பழக்கத்தில் முதலில் பேட்டர்ன் தேடினேன். பிம்பப் பட்டைகளை மட்டும் கண்டுபிடிக்க முடிந்தது. அதற்குமேல் ஒன்றும் சிக்கவில்லை. பிற்பகல் வெயில் நகரும்போது தரையில் நிறங்கள் நகரும், ஒரு கிழவியின் கோட்டில் ஏறி இறங்கும். தியாகிகளின் முகத்தை வரைய முடியாதவன், எதையும் சொல்லாத வெளிச்சத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று எனக்குப் பட்டது. அன்றைய பேராயர் மைஸ்னருக்குப் பிடிக்கவில்லை. விழாவுக்கு வரவில்லை. இது பள்ளிவாசலுக்குப் பொருந்தும், நம் கோயிலுக்கு இல்லை என்ற பொருள்படச் சொன்னார். அதே வருடம் அதே நகரத்தின் எரன்ஃபெல்ட் பகுதியில் பெரிய மசூதி கட்டலாமா கூடாதா என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மசூதியை வடிவமைத்த பால் போம் மூன்று தலைமுறையாகத் தேவாலயம் கட்டும் குடும்பத்திலிருந்து வந்தவர். ஸ்விர்னரின் கதையை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

2015 ஜனவரி 5, திங்கள்கிழமை. இஸ்லாமியக் குடியேறிகளுக்கு எதிராக ட்ரெஸ்டனில் ஆரம்பித்த பெகிடா இயக்கம் கொலோனிலும் ஊர்வலம் அறிவித்தது. பேராலய நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. ஊர்வலம் நடக்கும் நேரத்தில் பேராலயத்தின் வெளி விளக்குகள் அணைக்கப்படும். ஊர்வலத்தில் சாதாரண மனிதர்களும் வருகிறார்கள், யாரோடு சேர்ந்து நடக்கிறோம் என்று அவர்கள் யோசிக்கட்டும் என்பது நிர்வாகம் சொன்ன விளக்கம். அன்று மாலை வேலை முடிந்து நானும் ரூம்மேட்டும் ஸ்டேஷனுக்கு வந்தோம். "மச்சான், சர்ச்சைக் காணோம்டா" என்றான் அவன். உண்மையிலேயே காணோம். வானத்தில் நட்சத்திரம் இல்லாத ஒரு துண்டு, அவ்வளவுதான். ஊர்வலத்துக்கு வந்தவர்கள் சில நூறு பேர், எதிர்த்து நின்றவர்கள் பல ஆயிரம். நாங்கள் எதிர்ப்பில் கலந்துகொள்ளவில்லை. விசா, ஸ்காலர்ஷிப், பயம். ஓரமாக நின்றோம். ஆனால் அந்தக் கறுப்புத் துண்டைப் பார்த்தபடி நின்ற பத்து நிமிடத்தில், அந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக ஒரு கட்டடம் என் பக்கம் பேசியதாகத் தோன்றியது.

மறுநாள் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அன்றைக்குப் பேழையின் முன்தகட்டைக் கழற்றிவைப்பார்கள். கம்பிகளுக்குப் பின்னால் மூன்று மண்டையோடுகள், தலையில் பொற்கிரீடங்களோடு. 1864-ல் பேழையைத் திறந்து பார்த்தபோது, இளைஞர் ஒருவர், நடுவயதுக்காரர் ஒருவர், முதியவர் ஒருவர் என்று மூன்று பேருடைய எலும்புகள் இருந்தன. உண்மையில் யார் என்பது யாருக்கும் தெரியாது. வரிசையில் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம், பின்னால் கேரளத்துக் கன்னியாஸ்திரிகள் மூன்று பேர்.

அதே சதுக்கத்தில் அந்த வருடம் டிசம்பர் 31 இரவு நூற்றுக்கணக்கான பெண்கள் பாலியல் தாக்குதலுக்கும் திருட்டுக்கும் ஆளானார்கள். சந்தேகிக்கப்பட்டவர்களில் பலர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பேராலயத்தின் நிழலிலேயே நடந்தது. அடுத்த சில மாதங்கள் ஸ்டேஷனில் இறங்கினால் போலீஸ் என்னை நிறுத்தி அடையாள அட்டை கேட்கும். பெண்கள் என்னைப் பார்த்ததும் பையை மாற்றிப் பிடிப்பார்கள். எனக்கு வலித்தது, அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். 2016 ஜனவரி 6 அன்று மறுபடி வரிசைக்குப் போனேன். பை சோதனை இருந்தது, கூட்டம் குறையவில்லை.

க்ளோக்கன்காஸே ஆலயம் எரிந்தபோது குஸ்டாவ் மைனெர்ட்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு உள்ளேயிருந்து ஒரு தோரா சுருளைக் காப்பாற்றி ஒளித்துவைத்திருந்தார். போருக்குப் பிறகு அதை யூத சமூகத்திடம் ஒப்படைத்தார். பின்னாளில் கொலோன் பேராயர் மறைமாவட்டத்தின் செலவில் அதைப் பழுதுபார்த்தார்கள். இப்போது ரூன்ஸ்ட்ராஸே யூத ஆலயத்தில் இருக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்தத் தெருவுக்குப் போனேன். வாசலில் போலீஸ் வண்டி நின்றது. எப்போதும் நிற்கும் என்றார் எதிரே பேக்கரியில் இருந்தவர்.